பழைய லேப்டாப்பைத் தூக்கி எறியும் முன்...

"தம்பி, லேப்டாப் ஆன் பண்ணிட்டு அடுப்புல சோறு வெச்சா, சோறு வெந்த அப்புறம்தான் ஸ்கிரீன் வருது. கடையில கேட்டா புதுசு வாங்கச் சொல்றாங்க. 34 ஆயிரமாம். என்னப்பா பண்ணலாம்?"

2025 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பனமலையிலிருந்து என் பெரியம்மா மகள் போனில் கேட்ட கேள்வி இது. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் யாருக்கும் உறவினர் வீட்டிலிருந்து இப்படி ஒரு அழைப்பு வராமல் இருக்காது. வழக்கமாக, "ஊருக்கு வரும்போது பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை முடியவில்லை. அக்கா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். 14 பெண்களின் சேமிப்பு, உள்கடன், வட்டி ஆகியவை மூன்று ஆண்டுகளாக அந்த லேப்டாப்பில்தான் எக்ஸெல் பைல்களாக இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. அக்டோபர் 25-ஆம் தேதி குழுக் கூட்டம். அதில் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டும். புது லேப்டாப்புக்கான 34 ஆயிரத்தையும் அதே குழுவில் கடனாகக் கேட்கலாம் என அக்கா நினைத்திருந்தார்.

கடைசியில் செலவானது 2,190 ரூபாய். ஆனால் அந்தத் தொகையைவிட, எந்த வேலையை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசைதான் முக்கியம் என்பதை அந்த மூன்று நாட்களில் கற்றுக்கொண்டேன். நான் செய்த தவறையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்கள் அதனைத் தவிர்க்கலாம்.

அந்த லேப்டாப்

அக்கா 2011-12 கல்வியாண்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவர். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தது அது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. அக்காவிடம், "அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லித் தரல. தப்பா கிளிக் பண்ணிட்டா அது வந்துடும். உடனே ஆப் பண்ணிடுவேன்" என்றார். பெரும்பாலான வீடுகளில் கதை இதுதான்.

விண்டோஸ் 7 பின்னர் விண்டோஸ் 10 ஆக மாற்றப்பட்டிருந்தது. அந்த விண்டோஸ் 10-க்கான பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேருபவர்களுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால், 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாப்ட் அறிவித்தது. திரையில் அடிக்கடி வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் அக்கா பயந்து கடைக்குப் போயிருக்கிறார்.

விண்டோஸ் 11 இதில் ஏறுமா? அதற்கு டி.பி.எம். 2.0 சிப், யு.இ.எப்.ஐ. செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை தேவை. இந்தச் சோதனைகளை ஏமாற்றி இன்ஸ்டால் செய்யும் வழிகள் உண்டு. ஆனால் 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, எஸ்.எஸ்.இ. 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11 பூட் ஆகவே ஆகாது. எனவே 2011-ஐ ஒட்டிய காலத்து லேப்டாப்களில் அந்த முயற்சியை விட்டுவிடுவது நல்லது.

வேகம் எங்கே போனது?

அக்டோபர் 18, சனிக்கிழமை மதியம் லேப்டாப்பை ஆன் செய்து மணி பார்த்தேன். டெஸ்க்டாப் முழுமையாக வர 11 நிமிடம் ஆனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பிராசசர் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. உள்ளேயிருந்து "டிக்... டிக்..." என்று ஒரு சத்தம்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி செகண்ட். தேவையான தகவல் ஹெட்டின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 15 மில்லி செகண்ட் அளவில் போய்விடும். ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு பைல்கள் படிக்கப்படுகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பகுதியே இல்லை. 0.1 மில்லி செகண்ட் அளவில் தகவல் வந்துவிடும்.

"பழைய லேப்டாப்பில் சாட்டா 2 தானே இருக்கிறது, எஸ்.எஸ்.டி. போட்டு என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். சாட்டா 2 நொடிக்கு ஏறக்குறைய 300 எம்பி வரை தரும். சாட்டா 3 அதைப் போல இரு மடங்கு. ஆனால் நமக்குக் கிடைக்கும் லாபம் இந்த நேர் வேகத்தில் இல்லை. காத்திருக்கும் நேரம் குறைவதில்தான் இருக்கிறது. அது சாட்டா 2-லும் கிடைக்கும்.

நான் செய்த தவறு

சென்னையிலிருந்து வரும்போதே 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று (1,650 ரூபாய்), பழைய டிடிஆர்3 ராம் 2 ஜிபி ஒன்று (500 ரூபாய்), என்னுடைய 1 டெராபைட் எக்ஸ்டெர்னல் டிரைவ் ஆகியவற்றைக் கொண்டு வந்திருந்தேன். டிஸ்க்கில் 180 ஜிபி அளவுக்கு பைல்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே முறையில் தேர்ந்தெடுத்து, காப்பி கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இதுதான் தவறு. திரும்பி வந்தபோது, எப்போதோ பதிந்து வைத்த சினிமாக்கள் போய்ச் சேர்ந்திருந்தன. கணக்கு போல்டர் வரும் முன்பே லேப்டாப் உறைந்து நின்றிருந்தது. டிக் டிக் சத்தம் கூடியிருந்தது.

சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் நமக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்று தெரியாது. அந்த நேரத்தை சினிமாவுக்குச் செலவழித்துவிட்டேன். முதலில் எடுக்க வேண்டியது, திரும்ப உருவாக்க முடியாத பைல்களை. கணக்கு, சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் போட்டோ, பிறகுதான் மற்றவை.

அப்போது இன்னொரு தவறும் செய்யப் பார்த்தேன். செக் டிஸ்க் கொடுத்துச் சரி செய்யலாமா என்று கை போனது. செக் டிஸ்க் பைல் சிஸ்டத்தை ஒழுங்கு செய்யும் கருவி. டிஸ்க்கே பழுதாகும்போது அதனை ஓட்டினால் டிஸ்க் முழுவதும் மீண்டும் மீண்டும் படிக்கப்படும். அதில் எழுதவும் செய்யும். இருப்பதும் போகலாம். நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன்.

பைல்களை மீட்டது எப்படி?

லேப்டாப்பை ஆப் செய்து ஆறவிட்டேன். புது ராமைப் பொருத்தி 4 ஜிபி ஆக்கினேன். என் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்.எப்.சி.இ. பதிப்பை டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றினேன். பைல் அளவு ஏறக்குறைய 3 ஜிபி. டவுன்லோட் ஆனதும் தளத்தில் தரப்பட்டுள்ள எஸ்.எச்.ஏ.256 எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்திடவும். ரூபஸ் புரோகிராம் மூலம் ஏற்றுபவர்கள், பழைய பயாஸ் உள்ள லேப்டாப் என்றால் பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்.பி.ஆர். என்பதைத் தேர்ந்தெடுத்திட வேண்டும். ஜி.பி.டி. எனக் கொடுத்தால் பல பழைய லேப்டாப்கள் அந்தப் பென் டிரைவைக் கண்டுகொள்ளாது.

பென் டிரைவிலிருந்து பூட் செய்தால், எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே லினக்ஸ் இயங்கும். பழுதான டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டிய தேவையில்லை. முதலில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் ஸ்மார்ட் தகவலைப் பார்த்தேன். இதில் இரண்டு வரிகள் முக்கியம். ரீஅலொகேட்டட் செக்டார் கவுன்ட் என்பது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. கரன்ட் பெண்டிங் செக்டார் கவுன்ட் என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் இரண்டுமே பூஜ்யம் இல்லை. பிரச்சினை விண்டோஸில் இல்லை, டிஸ்க்கில்தான் என்பது உறுதியானது. இந்த டிஸ்க்கில் புதிதாக எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இந்த முறை கணக்கு போல்டரை மட்டும் காப்பி செய்தேன். 41 பைல்களில் 40 வந்தன. வராத ஒன்று, நடப்பு ஆண்டின் உள்கடன் கணக்கு! அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அருகில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இதற்குத்தான் ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம். மொபைல் போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து இன்டர்நெட் பெற்று அதனை இன்ஸ்டால் செய்தேன். இது பைல் பைலாகக் காப்பி செய்வதில்லை. டிரைவை அப்படியே ஒரு பெரிய பைலாக நகல் எடுக்கிறது. எளிதில் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில் திரும்பி வந்து முயற்சிக்கும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை மேப் பைல் ஒன்றில் எழுதிக்கொண்டே வரும்.

இதனைப் பயன்படுத்துபவர்கள் மூன்றைக் கவனித்திட வேண்டும். ஒன்று: கட்டளையில் பழைய டிரைவ் முதலில், சேர வேண்டிய பைல் அடுத்து, மேப் பைல் கடைசியில். வரிசையை மாற்றித் தந்தால் பழைய டிரைவின் மேலேயே எழுதப்படும் ஆபத்து உண்டு. இரண்டு: எக்ஸ்டெர்னல் டிரைவ் பேட்32 பார்மட்டில் இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு பைலை வைக்க முடியாது. மூன்று: மேப் பைலும் எக்ஸ்டெர்னல் டிரைவிலேயே இருக்கட்டும். பென் டிரைவில் இயங்கும் லினக்ஸில் டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் ராமில்தான் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

மூன்றாவதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கரண்ட் போனது. ஐப்பசி மழை. இரவு 11 மணிக்கு ஊரே இருட்டு. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் அடுத்த நொடியே அணைந்தது. காலையில் மின்சாரம் வந்ததும் மீண்டும் பூட் செய்து, டிடிரெஸ்க்யூவை இன்ஸ்டால் செய்து அதே கட்டளையைக் கொடுத்தேன். மேப் பைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அது ஓடிக்கொண்டிருக்க, செஞ்சி கடைத்தெருவுக்குப் போய் சிறிய ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியும் வாங்கி வந்தேன். ஸ்குரூ டிரைவர் டிஸ்க்கைக் கழற்ற. பேட்டரி ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். திரும்பி வந்தும் வேலை முடியவில்லை. ஏரிக்கரையோரக் குன்றில் இருக்கும் தாளகிரீஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்தோம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டி 1,300 ஆண்டுகள் ஆன கோயில். சுவரில் அந்தக் காலத்துப் பார்வதி ஓவியத்தின் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு அன்று ஓவியம் பார்க்கும் மனநிலை இல்லை. "வந்துடுமா தம்பி?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

மாலை நான்கு மணிக்கு டிடிரெஸ்க்யூ முடிந்தது. சில கிலோபைட்டுகள் தவிர எல்லாம் வந்திருந்தன. நகலைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து அந்த பைலைத் திறந்தேன். திறந்தது. ஆனால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. அக்காவின் முகம் மாறியது.

பாண்ட்டையும் எடுங்கள்!

பைல் கெடவில்லை. அக்கா டைப் செய்திருந்தது பாமினி பாண்ட்டில். பாமினி போன்ற பழைய பாண்ட்கள் யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுபவை. பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அவை குப்பையாகத்தான் தெரியும். எனவே பழைய தமிழ் பைல்கள் வைத்திருப்பவர்கள், டாக்குமெண்ட்களுடன் விண்டோஸ் டிரைவில் உள்ள பாண்ட்ஸ் போல்டரையும் காப்பி செய்துகொள்வது அவசியம். அந்த போல்டரிலிருந்து பாமினியை எடுத்து டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்ததும் 14 பெயர்களும் தமிழில் வந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்.

எஸ்.எஸ்.டி. மாட்டுதல்

பைல்கள் பத்திரமான பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். வழிமுறை:

1. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிடவும். பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, மிச்சமுள்ள மின்சாரத்தை வெளியேற்றவும்.

2. கைகளால் ஏதேனும் ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ளவும்.

3. அடிப்புற மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை இணைப்பிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக இழுக்கவும். அதன் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.க்குப் பொருத்தவும்.

4. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 7 மி.மீ. சட்டத்தில் ஆடினால் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைக்கலாம்.

5. மதர் போர்டில் உள்ள பட்டன் பேட்டரி கைக்கு எட்டினால் அதையும் மாற்றிவிடவும்.

இந்த ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்காவின் லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் தேதி 2011 ஜனவரி 1 என்று வந்தது. தேதி தவறாக இருந்தால் வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என பிரவுசர் மறுக்கும். "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்வதன் காரணம் சில நேரங்களில் 40 ரூபாய் பேட்டரிதான்.

பயாஸில் சாட்டா மோட், ஐ.டி.இ. என இருந்தால் ஏ.எச்.சி.ஐ. என மாற்றி சேவ் செய்திடவும். இதனை ஆபரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டால் செய்யும் முன்னரே செய்துவிடுவது நல்லது.

இன்ஸ்டால் செய்தல்

ஏன் லினக்ஸ் மின்ட்? அக்காவுக்குத் தேவை கணக்கு, பிரவுசர், பிரின்ட். உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்றாலும், 4 ஜிபி இருந்தால்தான் இன்றைய பிரவுசர்கள் ஓடும். மின்ட் 22-க்கு 64 பிட் பிராசசர் கட்டாயம். அக்காவின் லேப்டாப்பில் 32 பிட் விண்டோஸ் இருந்தது. அதை வைத்துப் பிராசசரும் 32 பிட் என முடிவு செய்துவிடக் கூடாது. விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் சென்று பார்த்தால் எக்ஸ்64 பிராசசர் என்று காட்டும். அப்படியானால் கவலை இல்லை.

எக்ஸ்டெர்னல் டிரைவைக் கழற்றிவிட்டேன். பழைய டிஸ்க் ஏற்கனவே வெளியே. இப்போது லேப்டாப்பில் இருப்பது காலியான எஸ்.எஸ்.டி. மட்டுமே. எனவே எரேஸ் டிஸ்க் என்ற பிரிவைத் தயங்காமல் கிளிக் செய்யலாம். தவறான டிரைவ் அழியும் வாய்ப்பே இல்லை. முதல் நாள் அனுபவத்தால், எதிர் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டேன். 20 நிமிடத்தில் வேலை முடிந்தது.

லேப்டாப்பை ஆப் செய்து, அக்காவையே ஆன் செய்யச் சொன்னேன். டெஸ்க்டாப் வர 38 நொடி. "அவ்வளவுதானா?" என்றார்.

தமிழில் டைப் செய்ய, இன்புட் மெத்தட் பிரிவில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகியவை கிடைக்கின்றன. இனி எழுதுவதை யுனிகோடில் எழுதும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். எக்ஸெல் பைல்கள் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தன. வட்டி பார்முலாக்கள் சரியாக வருகின்றனவா என்று, மூன்று மாதத் தொகைகளை நோட்டுப் புத்தகத்துடன் ஒப்பிட்டோம். பைசா வித்தியாசமில்லை. மேக்ரோ எழுதப்பட்ட எக்ஸெல் பைல்கள் இதில் அப்படியே இயங்கும் எனச் சொல்ல முடியாது. டேலி போல விண்டோஸில் மட்டுமே இயங்கும் புரோகிராம்களை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை

எஸ்.எஸ்.டி. போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாவது எச்சரித்தது. எஸ்.எஸ்.டி. போகும்போது சத்தமே இருக்காது. ஒரு நாள் காலையில் டிரைவே இல்லை எனக் காட்டும். அதிலிருந்து மீட்பது இன்னும் கடினம். அதனால் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கணக்கு போல்டரைப் பென் டிரைவில் ஒரு நகல், மொபைலில் ஒரு நகல் எடுத்து வைக்க அக்காவுக்குப் பழக்கியிருக்கிறேன். பழைய டிஸ்க்கையும் எறியவில்லை. தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வைத்திருக்கிறோம்.

25-ஆம் தேதி கூட்டம் முடிந்ததும் அக்கா போன் செய்தார். கணக்கு படித்தாயிற்று. கடன் கேட்கவில்லை. "பக்கத்துத் தெருவுல ரெண்டு பேரு அவங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்து காட்டுறாங்க. நீ எப்ப வர்றே?" என்றார்.

இதே திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், முதலில் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். முக்கிய பைல்களையும் பாண்ட்களையும் எடுத்து வையுங்கள். அதன் பிறகு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமா? விழுப்புரத்தில் உள்ள க்னூ/லினக்ஸ் பயனர் குழுவைப் போலப் பல ஊர்களில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். முயற்சி செய்து பாருங்களேன்.